போர்க்காலச் சங்கக்கடைக் கணக்கு



இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத்தில் அரசு கூட்டுறவுச் சங்கக்கடைகளுக்கு அனுப்பிய உணவுப் பொருள்கள் குறித்து இரு தரப்புக்கும் உள்ள கணக்குப் பிணக்கை எப்படித் தீர்ப்பது என்பதே இன்றைய பொருள். இது கணக்காய்வாளர் பார்க்க வேண்டிய விடயம், ஆய்வாளருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடை சொல்வதே இந்தத் தலைமையுரையின் நோக்கம்.

முதலில் சங்கக்கடை வந்த கதையைப் பார்ப்போம். 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் இலங்கைக்கு வந்த அரிசி நின்றது. பங்கீடும் கூப்பனும் வந்தன. கூட்டுறவுப் பண்டகசாலைகள் நாடெங்கும் பெருகின. 1990க்குப் பின் போரில் யாழ்ப்பாணக் குடாநாடு உயிர்பிழைத்ததும் அந்த வழியால்தான். குடாநாட்டுக்கான ஏ-9 தரைவழி ஆனையிறவில் அடைபட்டது. அத்தியாவசிய சேவைகள் ஆணையாளர் நாயகம் கொழும்பிலிருந்து கப்பலில் அனுப்பியதை மாவட்டச் செயலகமான கச்சேரி பங்கிட்டது. குடும்ப அட்டைக்குச் சங்கக்கடை நிறுத்துக் கொடுத்தது. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மறுபடி மூடப்பட்டபோதும் ஊர் சங்கக்கடை வாசலில்தான் வரிசையில் நின்றது.

ஒரு மூட்டை அரிசியைப் பின்தொடர்ந்து பாருங்கள். 50 கிலோ என்று எழுதப்பட்டுக் கப்பலேறுகிறது. பருத்தித்துறையில் கப்பல் கரைக்கு வராது. கடலில் வைத்தே இறக்க வேண்டும். கொக்கி குத்திய இடத்தால் அரிசி சிந்தும், உப்புத்தண்ணீர் பட்ட மூலை கட்டிபடும். லொறியில் ஏறி இறங்கிச் சங்கத் தராசுக்கு வரும்போது நிறை குறைந்திருக்கும். முகாமையாளர் அந்தக் குறைவை எழுதிக் கையொப்பம் வாங்கினால் ஒரு சிட்டை மிஞ்சும். அன்று பின்னேரம் ஷெல் விழுந்தால் சிட்டையும் போய்விடும். கொழும்புப் பேரேட்டில் மட்டும் 50 கிலோ அப்படியே நிற்கும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்க, வலிகாமம் இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. பிள்ளையைத் தோளிலும் முதியவரைச் சைக்கிளிலும் கொண்டுபோனவர்கள், களஞ்சியத்து மூட்டைகளை எண்ணி யாரிடம் ஒப்படைப்பது? மறு ஆண்டு ஊர் திரும்பியவர்களிடம் அந்தக் கையிருப்புக்குப் பணம் கேட்பது நீதியல்ல. நடுநிலை என்ற பெயரில் இதை மழுப்ப நான் விரும்பவில்லை. களவு நடந்திருந்தால் அது வெளிவரட்டும். ஆனால் பற்றுச்சீட்டு இல்லை என்பதே களவுக்குச் சான்றாகிவிடக் கூடாது.

தலைக்கணக்கும் பிணக்குக்குரியதுதான். 2009 தொடக்கத்தில் வன்னியில் எஞ்சியோர் 70,000 அளவினர் என்று அரசு சொன்னது. களத்தில் இருந்த அரச அலுவலர்களே அதைவிடப் பல மடங்கு எண்ணிக்கை கொடுத்தார்கள். போர் முடிந்தபோது முகாம்களில் இருந்தோர் இரண்டரை இலட்சத்துக்கும் மேல். எனவே எத்தனை தொன் அனுப்பப்பட்டது என்பதை மட்டும் காட்டும் ஏட்டை ஆய்வாளர் முழுக்கணக்காக ஏற்க முடியாது.

இத்தகைய கணக்கை விசாரித்த முன்மாதிரி ஒன்று உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபுலப் படை தென்மாநில உழவரிடம் சோளமும் இறைச்சியும் குதிரைகளும் எடுத்துச் சென்றது. அந்த இழப்புகளை விசாரிக்க 1871இல் மூவர் ஆணைக்குழு அமைந்தது. அதன்முன் வந்த கோரிக்கைகள் 22,298. கேட்ட தொகை ஏறத்தாழ 6 கோடி டாலர். கிடைத்தது 46 இலட்சமளவு. போரில் அரசின் பக்கம் நின்றதை மனுதாரர் நிறுவ வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் இருந்தது. அது நமக்கு வேண்டாம். எனினும் அயலவரும் விடுதலை பெற்ற அடிமைகளும் நேரில் வந்து சொன்ன சாட்சியம் அங்கே பதிவானது. அந்தக் கோப்புகளை வரலாற்றாசிரியர் இன்றும் புரட்டுகிறார்கள்.

நான் கேட்பதும் அத்தகைய விசாரணையைத்தான். முகாமையாளர், கிராம அலுவலர், லொறிச் சாரதி, அட்டைக்காரர் ஆகியோரின் வாக்குமூலம் ஆவணமாக ஏற்கப்பட வேண்டும். இடப்பெயர்வில் கைவிடப்பட்ட சரக்கு போர் இழப்பாகப் பதியப்பட வேண்டும். சங்கங்களின் அலுமாரிகளில் கறையான் விட்டுவைத்த பங்கீட்டு இடாப்புகளை எங்கள் மாணவர்கள் இந்த ஆண்டே படியெடுக்க வேண்டும். அன்று தராசருகே நின்றவர்கள் பலர் எண்பதை எட்டிவிட்டார்கள்.

அவர்களில் சிலர் இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள். முதல் அமர்வில் கட்டுரைகளுக்கு முன் அவர்களே பேச வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலை மாற்றியிருக்கிறேன். கட்டுரையாளர்கள் பொறுத்தருள்க. கருத்தரங்கைத் தொடக்கிவைக்கிறேன்.