வேண்டுமென்றா செய்தான்?



வீதியில் ஓர் உயிர் போய்விட்டால் நம் ஊர்களில் முதலில் எழுகின்ற கேள்வி, “சாரதி வேண்டுமென்றா செய்தான்?” என்பதாகும். “அவனும் பிள்ளைகுட்டிக்காரன்” என்பார் ஒருவர். “விதி” என்று முடித்துவைப்பார் மற்றொருவர். இரக்கத்திற் பிறந்த சொற்கள்தாம் இவை. குறைகூற மனம் வரவில்லை. ஆயினும் சட்டம் கேட்பது வேறு கேள்வி. வேண்டுமென்றே ஒருவர்மேல் வண்டியை ஏற்றினால் அது கொலைக்குற்றம். வேண்டுமென்று செய்யாததற்கும் எவராலும் தடுக்க இயலாததற்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. அந்த இடைவெளியிலேதான் சட்டம் தன் படிகளைக் கட்டியிருக்கிறது.

இலங்கையில் இப்படிகளை வகுப்பது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம். அதன் 151ஆம் பிரிவு கவனயீனத்தை ஒரு குற்றமாகக் கொள்கிறது. கையடக்கத் தொலைபேசி ஒலிக்கக் குனிந்து பார்க்கிறான் சாரதி, அது கவனயீனம். ஆபத்தை அறிந்தும் பொருட்படுத்தாமற் செலுத்துவதும், அபாயமான வேகத்திற் செலுத்துவதும் அதனினும் பெரிய குற்றம். அன்புவழிபுரத்துப் பிள்ளைகள் பாடசாலை விட்டு வரும் நேரத்தில் கண்டி வீதியில் இரண்டு பஸ் வண்டிகள் ஒன்றையொன்று முந்தப் போட்டியிட்டால், அதை மறதி என்று எப்படிச் சொல்வது?

எது கவனயீனம் என்பதை இடமும் ஓரளவு தீர்மானிக்கிறது. நமது திருகோணமலை நகரிலே புள்ளிமான்கள் வீதிகளில் உலாவுகின்றன. “மான் குறுக்கே பாய்ந்தது” என்பது வெளியூராருக்கு ஒருவேளை சாட்டாகலாம். நாள்தோறும் அவ்வழியே செல்லும் உள்ளூர்ச் சாரதி அதை எதிர்பார்த்திருக்க வேண்டாமா?

மதுவின் வழக்கு தனியானது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பது எல்லை. அதைக் கடந்தவன் எவரையும் மோத வேண்டியதில்லை; வண்டியைச் செலுத்தியதே குற்றம். “நிதானமாகத்தானே ஓட்டினேன்” என்பது விடையாகாது. இக்குற்றத்துக்கு இன்று 25,000 ரூபாவுக்குக் குறையாத தண்டப்பணம் உண்டு. குடித்துச் செலுத்தி ஒருவர் சாவுக்குக் காரணமானால் சிறை பத்து ஆண்டுவரை நீளலாம்.

இதற்கும் முந்தியது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. மோட்டார் வண்டி இந்நாட்டுக்கு வருமுன்னரே எழுதப்பட்டது அது! உயிருக்கு ஆபத்து நேரும்படி பொதுவழியில் வண்டி செலுத்துவோனுக்கு, எவரும் காயமுறாவிடினும், ஆறுமாதம்வரை சிறை என்கிறது அதன் 272ஆம் பிரிவு. அசட்டைத் துணிச்சலாலோ கவனயீனத்தாலோ மரணம் விளைவித்தவனுக்கு 298ஆம் பிரிவின்கீழ் ஐந்து ஆண்டுவரை சிறை விதிக்கலாம். இந்தியாவில் இத்தகைய மரணத்துக்கு உச்சத்தண்டனை நெடுங்காலம் இரண்டே ஆண்டாக இருந்தது. 2024 யூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டமே அதை ஐந்தாக உயர்த்தியது.

ஒரே வளைவு, ஒரே அவசரம். பிள்ளை ஒரு கணம் முந்திக் கடந்துவிட்டால் தண்டப்பணத்தோடு போகிறது, பிந்தினால் சிறைவாசம். இது நீதியா என்று சட்டவறிஞர் வாதிடுகின்றனர். என் எண்ணம் இதுவே: அந்த முதல் அவசரத்தையே சிறிதென்று விட்டுவிடலாகாது.

மகனை இழந்த வீட்டுக்குச் செத்தவீட்டுச் செலவென்று ஒரு தொகை வருகிறது. அதைப் பெற்றபின் சாட்சி சொல்வது நன்றிகேடு என்று கருதுவோர் பலர். வழக்குத் தொடர்வது அரசு. அதை விற்கவோ வாங்கவோ குடும்பத்துக்கு உரிமையில்லை. நட்டஈடு கேட்பதும் வேறு வழி. அதற்காகவே மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே, கண்ணாற் கண்ட அயலவர் வாய்திறத்தல் வேண்டும். நீதவான் கேட்பது சாரதியின் குணநலத்தையன்று. வண்டி வீதியின் எப்பக்கத்தில் வந்தது? ஒலி எழுப்பினானா? தடை போட்ட சுவடு எவ்வளவு நீளம்? மோதியபின் நின்றானா, ஓடினானா?