பகை வந்த நாளில் தெரியும் ஒற்றுமை

 

‘அரபு நாடுகளின் ஒற்றுமை’ என்ற தலைப்பை எனக்குத் தந்திருக்கிறீர்கள். கீழக்கரையிலும் கடையநல்லூரிலும் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது வளைகுடாச் சம்பளத்தில். ஆகவே அந்த நாடுகள் கூடி வாழ்கின்றனவா, பிரிந்து நிற்கின்றனவா என்பது நமக்கும் உரிய கேள்வி.

ஒரே மொழி, பெரும்பாலோர்க்கு ஒரே மார்க்கம். இவை போதாவா? 1958-இல் எகிப்தும் சிரியாவும் ஒரே நாடாக இணைந்தன. கெய்ரோ உத்தரவிட, டமாஸ்கஸ் கீழ்ப்படிய வேண்டியிருந்தது. 1961-இல் சிரியா பிரிந்துபோனது. சமமாக நடத்தாத உறவு நிலைக்காது என்பது அன்று கிடைத்த முதல் பாடம்.

அடுத்து, வட ஆப்பிரிக்காவுக்கு வாருங்கள். 1989 பிப்ரவரி 17. மராகேஷ் நகரில் மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, லிபியா, மௌரிடானியா ஆகிய ஐந்து நாடுகளும் கூடி ‘அரபு மக்ரிப் ஒன்றியம்’ கண்டன. மக்கள் தடையின்றிப் போய்வரலாம், சரக்கு போகலாம், மூலதனம் போகலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். என்ன ஆயிற்று? 1994-இல் அதே மராகேஷில் ஒரு விடுதியில் துப்பாக்கிச்சூடு நடந்தது. அதில் அல்ஜீரியாவின் கை இருப்பதாகக் கருதிய மொராக்கோ, அல்ஜீரியர்களுக்கு விசா கட்டாயம் என்றது; அல்ஜீரியா எல்லையையே அடைத்தது. அந்த எல்லை இன்னும் திறக்கவில்லை. ஐந்து தலைவர்களின் உச்சி மாநாடும் அந்த ஆண்டோடு நின்றுபோனது. மொராக்கோ தன்னுடையது என்று சொல்ல, அல்ஜீரியா ஏற்க மறுக்கும் மேற்கு சஹாரா யாருக்கு என்ற தீராத வழக்குதான் இதற்கெல்லாம் வேர்.

எல்லையின் ஒரு பக்கம் மொராக்கோவின் ஊஜ்தா, மறுபக்கம் அல்ஜீரியாவின் மக்னியா. கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த குடும்பங்கள் இரண்டு ஊரிலும் இருக்கின்றன. பக்கத்து ஊர்த் தங்கையைப் பார்க்க இன்று மூன்றாவது நாடு வழியாக விமானத்தில் சுற்றிப் போக வேண்டும். அவர்கள் செய்த குற்றம் என்ன?

இனி வளைகுடா. 1981 மே மாதம் அபுதாபியில் சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய ஆறு நாடுகள் சேர்ந்து ஒத்துழைப்புக் கழகம் அமைத்தன. 2003-இல் சுங்க ஒன்றியம், 2008-இல் பொதுச் சந்தை என்று படிப்படியாக நடந்தார்கள். 2010-க்குள் ஒரே நாணயம் என்ற திட்டம் மட்டும் கைகூடவில்லை. ஓமன் முதலிலேயே விலகியது. மத்திய வங்கி சவூதித் தலைநகர் ரியாதில் அமையும் என்றதும் 2009-இல் அமீரகமும் விலகியது.

பெரிய சோதனை 2017 ஜூன் 5-இல் வந்தது. சவூதியும் அமீரகமும் பஹ்ரைனும் எகிப்தோடு சேர்ந்து கத்தாரோடு உறவை முறித்தன. கத்தாரின் ஒரே தரைவழி எல்லை அடைபட்டது. துருக்கியிலிருந்தும் ஈரானிலிருந்தும் உணவு விமானத்தில் வந்தது. கணவன் ஒரு நாடு, மனைவி ஒரு நாடு என்றிருந்த குடும்பங்கள் தவித்தன.

ஆனால் ஒன்றை யாரும் நிறுத்தவில்லை. கத்தாரின் எரிவாயு ‘டால்ஃபின்’ கடலடிக் குழாய் வழியாக அமீரகத்துக்கு ஓடிக்கொண்டே இருந்தது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அது தேவைப்பட்டது. குவைத் இடைவிடாமல் சமரசம் பேச, 2021 ஜனவரியில் சவூதியின் அல் உலா நகரில் கைகுலுக்கினார்கள். ஆனால் அதே 2021 அக்டோபரில், அல்ஜீரியாவிலிருந்து மொராக்கோ வழியாக ஸ்பெயினுக்கு 25 ஆண்டுகள் ஓடிய எரிவாயுக் குழாய் நிறுத்தப்பட்டது. அங்கே நடுவில் நின்று பேச ஒரு குவைத் அமையவில்லை.

நண்பர்களே, கைகுலுக்கும் நாளில் எல்லா ஒன்றியங்களும் அழகாகத்தான் இருக்கும். பிணக்கு வந்த நாளில்தான் அவற்றின் பலம் தெரியும். அரசுகள் கருத்து வேறுபடட்டும். தூதரைத் திருப்பி அழைக்கட்டும். நோயாளி மருத்துவமனைக்குப் போகும் வழியையும், மாணவன் படிக்கப் போகும் வழியையும், தாய் மகளைக் காணப் போகும் வழியையும் அடைக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை என்று ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே எழுதட்டும். மொராக்கோவும் அல்ஜீரியாவும் மேற்கு சஹாரா வழக்குத் தீரும்வரை காத்திராமல் முதலில் எல்லையைத் திறக்கட்டும். மக்ரிப் ஒன்றியத்துக்கு மறுபிறவி அந்தச் சாலையில்தான் தொடங்க முடியும்.