தெற்குச் சுவரில் தொடங்கும் வீடு



லடாக்கின் லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் குளிர் மைனஸ் 20 டிகிரி வரைக்கும் இறங்கும். ஆனால் மழை மிகக் குறைவு. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் வானம் தெளிந்து கிடக்கும், வெயில் சுள்ளென்று அடிக்கும். மின்கம்பி எட்டாத ஒரு லடாக் கிராமத்தில் குடும்பம் ஒன்று வீடு கட்டுவதாக வைத்துக்கொள்வோம். விளக்குக்கும் கதகதப்புக்கும் அந்த வெயில்தான் கதி.

சோலார் வீடு என்றதும் கூரைமேல் பேனல்தான் நம் கண்முன் வருகிறது. குளிர்நாட்டில் அங்கிருந்து தொடங்கினால் கணக்கு உதைக்கும். ஒரே ஓர் அறைக்கு இரண்டு கிலோவாட் ஹீட்டரை இரவில் பத்து மணி நேரம் ஓட விட்டால் 20 யூனிட் போய்விடும். விளக்கு, செல்போன், டிவி எல்லாம் சேர்த்தாலும் சிக்கனமான குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று யூனிட் போதும். அந்த 20 யூனிட்டைப் பகலில் பிடித்து இரவுக்குச் சேமிக்கப் போனால், வீடு கட்ட வைத்திருந்த காசெல்லாம் பேட்டரியிலேயே கரைந்துவிடும்.

வெயிலை மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தை மறுபடி வெப்பமாக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. பேனல்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. நல்ல இரட்டைக் கண்ணாடி ஜன்னலோ, விழுகிற வெயிலில் பாதிக்கும் மேலாக நேரே வீட்டுக்குள் விட்டுவிடுகிறது. ஆகவே அந்தக் குடும்பம் முதலில் யோசிக்க வேண்டியது, குளிர்கால வெயில் நேரே விழும் தெற்குச் சுவரைப் பற்றி.

அந்தச் சுவரில் எல்லா அறைக்கும் ஒரே ஏற்பாடு பொருந்தாது. சமையலறையும் பகலில் உட்காரும் கூடமும் காலையிலேயே சூடாக வேண்டும். அங்கே பெரிய ஜன்னல்கள் வேண்டும். படுக்கையறைக்குத் தேவை இரவுச் சூடு. அதற்கென்று ஒரு சுவர் உண்டு, ட்ரோம்ப் சுவர் என்பார்கள். அமெரிக்காவின் எட்வர்ட் மோர்ஸ் 1881-இலேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். 1960-களில் பிரான்சில், பிரெனீஸ் மலைப்பகுதியின் ஓடேயோவில், ஃபெலிக்ஸ் ட்ரோம்ப் அதை வீடாகவே கட்டிக் காட்டினார். அமைப்பு மிக எளிது. ஒன்றேகால் அடி கனத்தில் மண் சுவர், வெளிப்பக்கம் கறுப்பு வண்ணம், சில அங்குலம் தள்ளி முன்னால் கண்ணாடி. பகல் முழுக்கக் கறுப்பில் ஏறுகிற சூடு, மணிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் மண்ணுக்குள் மெல்ல ஊர்ந்து வருகிறது. வெளியே பனி இறுகும் நள்ளிரவில், பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, உள்சுவரில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். எரிக்க விறகு வேண்டாம், புகையும் இல்லை. குளிர்காலம் முழுக்க அடுப்புப் புகையை மூச்சில் வாங்கும் பெண்களை நினைத்தால், எனக்கு இதுதான் இந்த வீட்டின் மிகப் பெரிய லாபம்.

வந்த சூட்டை ஓட விடக்கூடாது. லடாக்கில் பாப்ளர் மர உத்தரங்கள்மேல் வில்லோக் குச்சிகளை அடுக்கி, புல்லும் மண்ணும் போட்டுக் கூரை வேய்வார்கள். அதற்குள் மரத்தூளோ வைக்கோலோ திணித்தால் சூடு மேலே தப்பாது. வடக்கே ஜன்னல் வேண்டாம். சாமான் அறையும் மாடிப்படியும் அங்கே போகட்டும். பொழுது சாய்ந்ததும் கண்ணாடிக்குக் கனத்த திரை.

இதெல்லாம் ஏட்டளவில் நிற்கிற யோசனை இல்லை. பொறியாளர் சோனம் வாங்சுக்கும் நண்பர்களும் 1988-இல் தொடங்கிய செக்மோல் கல்வி அமைப்பு, லேக்கு அருகில் ஃபே கிராமத்தில் தன் வளாகத்தை இப்படித்தான் மண்ணால் கட்டியிருக்கிறது. மின்சாரம், வெந்நீர், சமையல் எல்லாவற்றுக்கும் அங்கே சூரியன் உழைக்கிறது. வெளியே நீர் உறையும் நாளிலும் மாணவர்கள் ஹீட்டர் இல்லாமல் உள்ளே உட்கார்ந்து படிக்கிறார்கள்.

இனி பேனலுக்கு வரலாம். குளிர் பேனலுக்கு நல்லது. வெப்பம் குறையக் குறைய அதன் திறன் கூடும். மின்னழுத்தமும் கூடவே ஏறுவதால், அதைத் தாங்குகிற சார்ஜ் கன்ட்ரோலர் வாங்க வேண்டும். குளிர்காலச் சூரியன் தாழ்ந்தே போவதால் பேனலை நன்றாக நிமிர்த்திச் சாய்த்து வைப்பது வழக்கம். விழுகிற பனியும் வழுக்கி இறங்கிவிடும். பேட்டரிதான் குளிரைத் தாங்காது. லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும். சார்ஜ் இறங்கிய பழைய ஈய அமில பேட்டரி உறைந்து வெடிப்பு விடும். எந்த பேட்டரியானாலும் வெளிக் கொட்டகையில் போடாமல், காற்றோட்டமுள்ள ஓர் உள் அறையில் வைப்பதே சரி. உறைந்துவிடாதிருக்க, தண்ணீர்க் குழாயையும் வெளிச்சுவரில் பதிக்காமல் வீட்டின் நடுவே கொண்டுபோக வேண்டும்.

இத்தனை கண்ணாடி வைத்தால் கோடையில் வீடு அடுப்பாகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். லேயில் டிசம்பர் நண்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து 32 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஜூனில் 79 டிகிரிக்கு ஏறிவிடும். ஜன்னலுக்கு மேலே சரியான அளவில் ஒரு தாழ்வாரம் இறக்கினால், டிசம்பர் வெயில் அதன் அடியில் நுழைந்து உள்ளே வரும், ஜூன் வெயில் தாழ்வாரத்தோடு நின்றுவிடும். செக்மோலில் இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் தெற்குப் பக்கம் பிளாஸ்டிக் தாளைக் கட்டிப் பசுமைக்குடிலாக்குகிறார்கள், வெயில் ஏறியதும் கழற்றிவிடுகிறார்கள். கண்ணாடிக்கே வசதியில்லாத குடும்பமும் இந்தக் குளிர்காலத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம்.