ஔடத தானமும் மருந்தின் விலையும்
(எட்டயபுரத்தில் நிகழ்த்திய உரை)



ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் எனத் தானம் நான்கு. முன்னாளில் ஔடத தானம் எளிது. மூலிகையைப் பறித்தவரே இடித்துக் கொடுத்தார். இன்று மருந்துக்குக் காப்புரிமை உண்டு.

இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்தைக் காண்போம். நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் மாத்திரை அன்று மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்திய நிறுவனங்கள் அதே மருந்தைச் சுமார் 8,000 ரூபாய்க்கு அளித்தன. மானாவாரி உளுந்தையும் பருத்தியையும் நம்பிய கரிசல் குடும்பம், காட்டை விற்றாலும் முதல் விலையை எத்தனை மாதம் தாங்கும்? இரண்டாவதும் எளிதன்று, ஆயினும் கடன்பட்டேனும் உயிர் காக்கலாம்.

வழக்கு தொடங்கியது சென்னையில். 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை மறுத்தது. அறிந்த பொருளின் புதிய வடிவம், நோய் தீர்க்கும் ஆற்றலில் மேம்பட்டாலன்றி உரிமை பெறாது என்பது சட்டத்தின் 3(டி) பிரிவு. அப்பிரிவை எதிர்த்த மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது.

நிறுவனத்தின் வாதத்திலும் நியாயம் உண்டு. தோற்ற ஆய்வுகளின் செலவையும் வென்ற மருந்தே சுமக்க வேண்டும். பல நோயாளர்க்கு அது இலவசமாகவும் வழங்கியது. ஆயினும் எட்டாத விலையை வைத்தவரே இரங்கி அளிப்பது தானமாகுமா? இல்லறத்தார்க்குரிய பொருள் வரைதல் விரதம் ஊதியத்தை விலக்கவில்லை. அதற்கு ஓர் எல்லை கேட்கிறது.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தோன்றியது. மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. அங்கு இல்லாத மருந்துக்குப் பொருள் உதவுவோர், வணிகப் பெயரை விடுத்து மூலப்பெயரை மருத்துவரிடம் எழுதி வாங்கட்டும். ஒருவருக்குச் செலவிடும் தொகை பலருக்கு எட்டும்.