பதினோராம் வகுப்பின் பின்வரிசை
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



அறிவுரை கூறுமாறு எங்களைப் பணித்தார்கள். அதனைக் கூற எங்களுக்குப் பின் பலர் காத்திருக்கின்றனர். ஆகவே, 1978ஆம் ஆண்டு எங்களோடு எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் பயின்ற தோழர் சிலரை உங்களுக்கு அறிமுகம் செய்துவிட்டு அமரக் கருதுகிறோம். பதினோராண்டுப் பள்ளிப்படிப்பு முறை விடைபெற்ற காலம் அது. அவ்வாண்டில்தான் தமிழகத்தில் மேல்நிலை வகுப்புகள் தொடங்கின. வேடசந்தூர் அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். நம் சேரியிலிருந்தும் சுற்றுப்புறச் சேரிகளிலிருந்தும் பதினோராம் வகுப்பை எட்டியவர் எழுவர். எழுவரும் ஆண்கள். எங்கள் தங்கையர் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டனர். அது நகைப்புக்குரிய செய்தி அன்று. ஆதலின் இங்கு விரிக்கவில்லை.

பெயர் சொன்னால் சிலர் சினம் கொள்வர். பட்டப்பெயரே போதும்.

முதலாமவர் 'கடிகாரம்'. ஏழு கல் தொலைவிலிருந்து நடந்து வருவார். கையில் கடிகாரம் கிடையாது. தம் நிழலை அடியால் அளந்தே மணி சொல்வார். வெயில் நாளில் தலைமையாசிரியருக்கு முன்பே வந்து நிற்பார். மேகம் மூடினால் மூன்றாம் பாடவேளையில்தான் அவர் முகத்தைக் காணலாம். 1977 நவம்பர்ப் பெருமழையை இங்குள்ள முதியோர் மறந்திருக்க மாட்டீர்கள். குடகனாறு பெருகி, அழகாபுரி அணை உடைந்த காலம். பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். எங்கள் கடிகாரம் எப்படியோ சேற்றைக் கடந்து வந்து, பூட்டிய கதவைக் கண்டு, 'மிகவும் முன்னதாக வந்துவிட்டோம்' என மகிழ்ந்து, உச்சிப்பொழுது வரை வாசற்படியில் அமர்ந்திருந்தார். சூரியன் தோன்றாத நாளன்றோ!

அடுத்தவர் 'புலவர்'. பேச்சுத் தமிழ் அவர் நாவில் ஏறாது. கரூர்ப் பேருந்தில் ஏறி, "நடத்துநரே, ஒரு சீட்டு நல்குக" என்றார். நடத்துநர் அவரை மேலும் கீழும் நோக்கி, "தம்பி, உனக்கு எந்த ஊரப்பா?" என வினவினார். "குடகனாற்றங்கரை" என்று விடை வந்தது. பேருந்தே நகைத்தது. நாங்கள் மட்டும் நகைக்கவில்லை. பேருந்தில் ஏறினால் அமரலாமா நிற்கலாமா எனத் தயங்கிய தந்தையரின் பிள்ளைகள் நாங்கள். அத்தனை பேர் நடுவே தலை நிமிர்ந்து செந்தமிழ் பேசிய அந்தத் துணிவு எங்களுக்கு அன்று பெருமையாகவே இருந்தது. ஆனால் ஆங்கிலத் தேர்வில் அத்தமிழ் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

'தராசு' என்பவரைப் பற்றி இரண்டு சொற்கள் போதும். விடுதிச் சாம்பாரில் பருப்பு இருந்ததா என்பது அந்நாளில் பெரும் வழக்கு. ஒருநாள் ஒரு பருப்பைக் கண்டெடுத்து, வெற்றிலையில் ஏந்திச் சென்று காப்பாளர் முன் சாட்சியாக நிறுத்தியவர் அவர். பின்னாளில் நியாயவிலைக் கடையில் எடையாளரானார். வேறெந்தப் பணி அவருக்குப் பொருந்தும்?

வகுப்புப் புகைப்படம் எடுத்த நாளையும் சொல்ல வேண்டும். எங்களுள் மூவருக்கு இரண்டு வெள்ளைச் சட்டைகளே இருந்தன. மூன்றாவது சட்டை ஒரு சித்தப்பாவுடையது. பொத்தான் ஒன்றும் இல்லாதது. அணிந்தவர் சமூகவியல் நூலை விரித்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். இன்றும் அப்படத்தைக் காண்போர், "படம் எடுக்கும்போதும் படித்த பிள்ளை" என்று அவரை வியக்கின்றனர். அதே பாடத்தில் அவர் பெற்றது முப்பத்தாறு.

இனி 'கணக்கர்'. இவரைப் பற்றிப் பேசவே இவ்வளவு தூரம் வந்தோம்.

நம் வட்டாரம் புகையிலைக்குப் பெயர் பெற்றது. 1948இலேயே வேடசந்தூரில் அதற்கென ஆராய்ச்சி நிலையம் அமைத்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நடுவார்கள். மாசி, பங்குனியில் வெட்டுவார்கள். தேர்வு வருவதும் அப்போதுதான். பச்சை இலையின் பிசின் கையில் ஒட்டினால் எத்தனை முறை கழுவினும் சோறு கசக்கும். ஞாயிறன்று வேலைக்குச் சென்றவன் யாரென்பதைத் திங்களன்று ஏட்டுத்தாளே காட்டிக்கொடுக்கும். கணக்கரின் ஏடு முழுதும் பழுப்பு விரல்தடம். அத்தடங்களின் நடுவே இயற்கணிதம் ஒரு பிழையுமின்றி ஓடும். இரவில் தெருவிளக்கடியில் எங்கள் அறுவருக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவரே. தவறு செய்தால் அடிக்க மாட்டார்; பிசின் கையை எங்கள் மூக்கருகே நீட்டுவார். அதைவிட அடி மேல்.

தேர்வுக்குச் சில நாள் முன்னர் அவர் வரவில்லை. தேடிச் சென்றோம். தந்தையார் நோயுற்றபோது வாங்கிய முன்பணத்திற்கு ஈடாக, வெட்டு முடியும்வரை அவர் காட்டில் நிற்க வேண்டியிருந்தது. நுழைவுச் சீட்டு கூரையில் செருகிக் கிடந்தது. "நீங்கள் போய் எழுதுங்கள், விடையை வந்து சொல்லுங்கள், சரி பார்க்கிறேன்" என்றார். நாங்கள் சென்று எழுதினோம். முன்பணத்தை எவ்வாறேனும் திரட்ட இயலுமா என அன்று எங்களுள் ஒருவரும் கேட்கவில்லை.

முடிவு வந்த நாளில் நாளேட்டுக் கட்டுக்காகப் பேருந்து நிலையத்தில் காத்திருந்தோம். கட்டை முதலில் பிரித்தவர் கணக்கர். எங்கள் எண்கள் அனைத்தும் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாய்ப் படித்தார், புலவர் எண் மட்டும் இல்லை. அவர் அக்டோபரில் எழுதித் தேறினார். இறுதியில் கணக்கர், "என் எண்ணுக்கு முன்னவனும் தேறினான், பின்னவனும் தேறினான். நடுவில் உள்ளவன் மட்டும் தேறாமலா போவான்?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அச்சிரிப்பை எண்ணினால் இன்றும் நாணுகிறோம்.

அன்று மாலை சேரியில் எங்களுக்குத் துண்டு போர்த்தினார்கள். 1907இல் அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் மெட்ரிகுலேஷன் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தைப் பெரியவர் ஒருவர் எடுத்துரைத்தார். எஸ். கே. போலே தலைமை தாங்கியதையும், கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்ததையும் சொன்னார். நன்றியுரை நல்க எழுந்த கடிகாரம், "எல்லோருக்கும்" எனத் தொடங்கி, அதற்குமேல் சொல் எழாமல் அமர்ந்தார். துண்டு போர்த்தப்படாத கணக்கர்தாம் கை தட்டலைத் தொடங்கிவைத்தார்.

அதன்பின் நாங்கள் பணி தேடினோம், குடும்பம் கண்டோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் அதனை மறந்தே இருந்தோம். பின்னர் இச்சங்கத்தைக் கூட்டியபோது, முதற் கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானத்தைக் கொணர்ந்தவர் கணக்கர்: 'தேர்வு எழுதும் பிள்ளை மாசி, பங்குனியில் காட்டுக்குச் செல்லலாகாது, முன்பணம் இருந்தால் சங்கம் அடைக்கும்.' அந்நிதியின் பேரேட்டை அன்று முதல் அவரே எழுதி வருகிறார். மாலை வகுப்பில் கணக்கும் அவரே சொல்லித்தருகிறார். முன்வரிசை மாணவர்களே, உங்களுள் பலர் அவரிடம் கற்றவர்கள். அவர் தேர்வு எழுதாதவர் என்பது உங்களுக்குத் தெரியாது.

அவர் இப்போது பின்வரிசையில், தூணருகே அமர்ந்திருக்கிறார். உரையாற்ற மேடையேறும் முன் எங்கள் கையில் ஒரு சீட்டைத் திணித்தார். அதனைப் படித்துவிட்டு விடைபெறுகிறோம்: 'இவ்வாண்டுத் தவணை செலுத்தாதோர் மூவர். அவர்களுள் புலவரும் ஒருவர்.'