கனத்த குதிரையும் நெடுவழியும்



அமெரிக்காவில் நடைபெறும் நெடுவழிக் குதிரைப் பந்தயத்தில் 50 மைல் தொலைவை 12 மணி நேரத்திற்குள் கடத்தல் வேண்டும். மெலிந்த அரபுக் குதிரைகளே பெரும்பாலும் முந்தும். நானோ, பாரமிழுக்கும் பெர்ஷரான் இனமும் அரபு இனமும் கலந்த கனத்த குதிரையின்மீது சென்றேன். பரிசை நாடியன்று, அதன் அகன்ற முதுகிலமர்ந்து மலைவழி காணும் மகிழ்ச்சியை நாடியே சென்றேன்.

பெருந்தசை மிகுந்த வெப்பத்தை உண்டாக்கும். உடல் பருக்குமளவிற்குத் தோலின் பரப்புப் பெருகுவதில்லை. ஆதலின் கனத்த குதிரை மெல்லவே குளிரும். இடைத்தங்கலில் நாடித்துடிப்புக் குறித்த அளவிற்கு இறங்கினாலன்றிக் கால்நடை மருத்துவர் மேலே செல்ல விடார். அன்று குறித்த அளவு நிமிடத்திற்கு 64.

என் குதிரையின் துடிப்போ 72இல் நின்றது. பிறர் எங்களைக் கடந்து சென்றனர். கணநேரம் குதிரைமீது சினம் எழுந்தது, பின்னர் நாணினேன். முந்திய மேட்டில் அதனை விரட்டியவன் நானன்றோ! சேணத்தைக் கழற்றி, நிழலில் நிறுத்தி, நீரை ஊற்றி ஊற்றி வழித்தேன். துடிப்பு இறங்கியது. எஞ்சிய மேடுகளில் நானும் அதனுடன் நடந்தே ஏறினேன்.

கடைசியாகத்தான் வந்தோம், எனினும் உரிய காலத்தில், நலங்குன்றாது வந்தோம். நலத்தோடு முடித்தலே அவ்விளையாட்டில் வெற்றியெனப்படும். வாயில்லா உயிரின் அளவறிந்து செல்பவனுக்கே அம்மகிழ்ச்சி உரியதென்பதை அன்று அக்குதிரையிடம் கற்றேன்.