எந்த வலிக்கு எந்த ஆஸ்பத்திரி?



காலையில் வயலுக்குக் கிளம்பியவருக்குத் திடீரென்று நெஞ்சைப் பிசைகிற வலி. சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை. வீட்டார் காரைப் பிடிக்கிறார்கள். வழியில் ஆரம்ப சுகாதார நிலையம் வருகிறது, அடுத்து தாலுகா ஆஸ்பத்திரியும் வருகிறது. எங்கேயும் நிற்காமல் கார் நகரத்துக்குப் பறக்கிறது. “போறதுதான் போறோம், பெரியாஸ்பத்திரிக்கே போயிடுவோம்” என்பது நம் ஊர் வழக்கம்.

மாரடைப்பில் இந்த வழக்கம் ஆளையே காவு வாங்கிவிடும். ரத்தக்குழாய் அடைபட்டு நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. அடைத்திருக்கிற ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைத் தாலுகா ஆஸ்பத்திரியிலேயே போட முடியும். ஈசிஜியைச் செல்போனில் அனுப்பி இதய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆஞ்சியோகிராமுக்குப் பெரிய இடம் போவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். 2023-இல் தமிழக அரசு கொண்டுவந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடார்வாஸ்டாடின் என்று மொத்தம் 14 மாத்திரைகளை முதல் வேளையாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். (இதைக் கேட்டுவிட்டு யாரும் மெடிக்கலில் வாங்கி விழுங்கிவிடாதீர்கள். பார்த்துக் கொடுக்க வேண்டியது அவர்கள் வேலை.)

பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில் அடிக்கடி கேட்கிற சண்டை இன்னொன்று.

“நான் ஆறு மணிக்கே வந்துட்டேன் சிஸ்டர். இப்ப வந்தவரை உள்ள கூட்டிட்டுப் போறீங்களே?”

“அவருக்குச் சிவப்பு, உங்களுக்குப் பச்சைங்க ஐயா. பச்சைன்னா சந்தோஷப்படுங்க!”

அவசரத்தைப் பார்த்து அங்கே நிறம் பிரிக்கிறார்கள். மூச்சுத் திணறலும் நினைவு தப்பினதும் சிவப்பு. சற்றுப் பொறுக்கலாம், ஆனால் கண்காணிக்க வேண்டும் என்றால் மஞ்சள். நடந்து வந்து சண்டை போட முடிகிறவர் அநேகமாகப் பச்சைதான். வந்த வரிசைக்கு அங்கே மதிப்பில்லை.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்காக மாதாமாதம் பஸ் ஏறி மருத்துவக் கல்லூரியில் கால்கடுக்க நிற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அந்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது.

சின்ன ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போவதற்கு நோயாளியை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனசில்லை. அங்கே டாக்டர் இல்லை, ஈசிஜி மெஷின் ரிப்பேர் என்றால் யார் நிற்பார்கள்?

அதனால், நெஞ்சுவலி என்றால் முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நீங்கள் வழியில் குழம்ப வேண்டியதில்லை. அதை வண்டியில் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.